கறுப்பினக் கலைச்செல்வி ஹாட்டி மெக்டேனியல்

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம். சி. இராசா ஆகிய பெருமக்களின் வரலாறுகளை நம் இளைஞர்கள் இக்கழக மேடைகளிலேயே பன்முறை கேட்டிருக்கின்றனர். எனவே, கடல் கடந்த நாட்டில், நம்மைப் போன்றே பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களிடையே தோன்றி, நடிப்புக் கலையால் உலகறியப் பெற்ற ஓர் அம்மையாரின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1946 ஆம் ஆண்டில் அவர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலையும் பெரிதும் ஒத்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். அந்த ஒப்புமை எத்தகையது என்பதை ஒரு தனிப்பெண்ணின் வாழ்வில் வைத்துக் காண்போமாக.

பிறப்பும் இளமையும்

ஹாட்டி மெக்டேனியல் 1893 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 10 ஆம் நாள் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த 13 மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தை ஹென்றி, தாய் சூசன் ஆகிய இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஹென்றி, அடிமை முறையை எதிர்த்து நின்ற வடபுலப் படையின் கறுப்பினப் பிரிவில் சேர்ந்து போரிட்டார். போரில் உற்ற காயங்கள் அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டின. நாட்டுக்காகக் குருதி சிந்திய அவர், தமக்குரிய ஓய்வூதியத்துக்காகப் பல ஆண்டுகள் அரசிடம் மன்றாட வேண்டியிருந்தது. தாய் சூசன் தேவாலயங்களில் இனிமையாகப் பாடுவார். வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்ணாகவும் உழைத்தார். இசையும் வறுமையும் அக்குடும்பத்தின் இரு சொத்துகளாயின.

பிழைப்பை நாடிக் குடும்பம் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து டென்வர் நகரில் தங்கியது. அங்குப் பள்ளியில் சேர்ந்த ஹாட்டி, பெரும்பாலும் வெள்ளைக் குழந்தைகளே நிறைந்த வகுப்பில் இருந்த மிகச் சில கறுப்பினப் பிள்ளைகளுள் ஒருவர். ஆயினும் பாட்டிலும் ஒப்புவித்தலிலும் அவரை விஞ்சுவார் இலர். 1910 ஆம் ஆண்டு, மதுவிலக்குக்காகப் பாடுபட்ட கிறித்தவ மகளிர் சங்கம் நடத்திய ஒப்புவித்தற் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். உயர்நிலைப் பள்ளி மாணவியாய் இருந்தபோதே, கலையே தம் வாழ்வு என்று அவர் துணிந்துவிட்டார். படிப்பை இடையிலேயே நிறுத்தி, அண்ணன்மார் நடத்திய ஆடல் பாடல் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். ஆசிரியன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவர் படிப்பை விட்டது நாம் பின்பற்றத்தக்கதன்று. அன்று கறுப்பினப் பெண்ணொருத்தி பள்ளி இறுதி வரை பயின்றாலும், வெள்ளையர் வீட்டு அடுக்களையைத் தவிர அவளுக்குத் திறந்திருந்த கதவுகள் மிகச் சிலவே என்பதையும் உடன் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மேடையும் வறுமையும்

1914 ஆம் ஆண்டில் ஹாட்டி தம் தமக்கையுடன் சேர்ந்து, பெண்கள் மட்டுமே பங்கேற்கும் கலைக்குழு ஒன்றைத் தொடங்கி நடத்தினார். பெண், அதிலும் கறுப்பினப் பெண், தானே குழு அமைத்துத் தானே நடத்துவது அந்நாளில் எளிய செயலன்று. 1920க்குப் பின் ஜார்ஜ் மாரிசன் என்னும் கறுப்பின இசைமேதையின் குழுவில் பாடினார். 1920களின் நடுவில் டென்வர் வானொலி நிலையத்தில் அவர் குரல் ஒலித்தது. அமெரிக்க வானொலியில் முதன்முதலாகப் பாடிய கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். 1926 முதல் 1929 வரை அவர் பாடிய பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. அவற்றுள் பல அவரே இயற்றியவை.

இவ்வாறு ஏறுமுகமாய் இருந்த வாழ்வில் இடிகள் பல விழுந்தன. 1911 இல் மணந்த முதற்கணவர் 1915 இல் இறந்தார். இரண்டாம் கணவரும் மணம் புரிந்த சில ஆண்டுகளில் மாண்டார். 1929 ஆம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து, நாடே வறுமையில் வீழ்ந்தபோது கலைக்குழுக்கள் கலைந்தன. மில்வாக்கி நகரில் ஹாட்டிக்குக் கிடைத்த வேலை யாது? ஒரு கேளிக்கை விடுதியின் கழிப்பறையில் வெள்ளைப் பெண்மணிகளுக்குத் துவாலை எடுத்துக் கொடுக்கும் ஏவற்பணி. மேடையில் பாட வெள்ளையரே அனுமதிக்கப்பட்ட விடுதி அது. ஒருநாள் இரவு மேடை வெறுமையாய்க் கிடக்க, ஹாட்டிக்குப் பாட வாய்ப்பளிக்கப்பட்டது. கேட்டோர் மெய்ம்மறந்தனர். அன்று முதல் அவர் கழிப்பறை வாயிலை விட்டு அந்த மேடைக்கு உரியவரானார்.

திரையுலகில் நுழைதல்

1931 ஆம் ஆண்டு ஹாட்டி லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தார். அண்ணன் சாம், தமக்கையர் எட்டா, ஆர்லீனா ஆகியோர் முன்னரே அங்கிருந்தனர். சாமின் உதவியால் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இடம் கிடைத்தது. நேயர்கள் அவரை விரும்பிக் கேட்டனர். ஆனால் அந்த ஊதியம் உண்ணப் போதவில்லை. ஆகவே வானொலியில் பாடிய அதே நாள்களில் பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் துணி வெளுத்தும் வாழ்ந்தார். 1932 முதல் திரைப்படங்களில் சிறு சிறு வேடங்கள் வந்தன. கூட்டத்தில் ஒருத்தியாய், பெயரின்றி, ஓரிரு விநாடி தோன்றி மறையும் வேடங்கள் அவை. அவர் 300 படங்கள் வரை நடித்தார் என்பர். ஆனால் படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ அவர் பெயர் காட்டப்பெற்றவை 80 அளவினவே.

அக்காலத் திரையுலகில் கறுப்பினப் பெண்ணுக்கு வகுக்கப்பட்ட வேடம் ஒன்றே ஒன்று. அவள் வெள்ளைச் சீமாட்டியின் பணிப்பெண். தலையில் துணி கட்டி, இடையில் மேலாடை கட்டி, எசமானியின் மகிழ்ச்சியில் மகிழ்ந்து, அவள் துயரில் அழுபவள். அவளுக்கென ஒரு வீடு இல்லை, கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஹாட்டி இந்தக் குறுகிய சட்டத்துக்குள் நின்றுகொண்டே அதனை நெளியச் செய்தார். 1934 இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்தில் புகழ்பெற்ற நடிகர் வில் ரோஜர்சுடன் இணைந்து பாடினார். 1935 இல் வெளிவந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தில் விருந்து பரிமாற வந்த பணிப்பெண்ணாக நடித்தார். பகட்டாக நடக்க முயலும் எசமானர் குடும்பத்தைச் சொல்லாலன்றி நடையாலும் பார்வையாலுமே நகைப்புக்கு இடமாக்கினார். அவர் பாத்திரங்கள் குனிந்த தலையுடன் நிற்கவில்லை. இடுப்பில் கைவைத்து எசமானியையே முறைத்துப் பார்த்தன. தென்மாநில வெள்ளையர் சிலருக்கு இது சினமூட்டியது.

'கான் வித் த விண்ட்'

மார்கரெட் மிட்செல் என்னும் பெண்மணி எழுதி 1936 இல் வெளிவந்த புதினத்தைத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் படமாக்க முனைந்தார். உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலப் பண்ணைக் குடும்பம் ஒன்றின் கதை அது. அதில் நாயகியை வளர்த்து ஆளாக்கும் அடிமைப் பெண்ணின் வேடம் முதன்மையானது. அதற்குப் போட்டி மிகுந்திருந்தது. நாட்டின் தலைவர் ரூஸ்வெல்ட்டின் துணைவியாரே தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அவ்வேடத்தைத் தருமாறு பரிந்துரைத்தாரெனின் வேறு கூறுவானேன்? எனினும் வேடம் ஹாட்டிக்கே வாய்த்தது.

இப்படத்தைப் பற்றி நம் இளைஞர்கள் ஓர் உண்மையை மறைவின்றி அறிதல் வேண்டும். அது அடிமை முறையை அழகுபடுத்திக் காட்டிய படம். சாட்டையும் சங்கிலியும் அதில் இல்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்ற ஏலச் சந்தையும் இல்லை. அடிமைகள் தம் எசமானர்மீது அன்பு பூண்டு மகிழ்ந்து வாழ்ந்ததாக அது காட்டியது. கறுப்பின மக்களின் இதழ்களும் அமைப்புகளும் படம் உருவாகும்போதே எதிர்ப்புக் குரல் எழுப்பின. அதன் பயனாக, அம்மக்களை இழித்துரைக்கும் வசைச்சொல் திரைக்கதையினின்று நீக்கப்பட்டது. எனினும் கதையின் அடிப்படை மாறவில்லை.

இத்தகைய படத்தினுள்ளும் ஹாட்டியின் நடிப்பு தனித்து ஒளிர்ந்தது. குழந்தையை இழந்த அவ்வீட்டின் துயரத்தை, மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே மற்றொரு பெண்ணிடம் அழுதவாறு எடுத்துரைக்கும் காட்சியைக் கண்டோர் கண்ணீர் உகுத்தனர். எழுதப்பட்டிருந்த வேடம் ஓர் அடிமையின் வேடம்; ஹாட்டி அங்கே ஒரு முழு மனுஷியை நிறுத்தினார்.

மூடிய வாயிலும் ஓரத்து மேசையும்

1939 ஆம் ஆண்டு டிசம்பர் 15 ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நகரமே விழாக்கோலம் பூண்டது. நாயகன் கிளார்க் கேபிளும் நாயகி விவியன் லீயும் ஊர்வலமாக அழைத்துவரப்பட்டனர். ஆனால் ஹாட்டி அங்கு இல்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாய் அமர்தலை அம்மாநிலத்துச் சட்டம் தடுத்தது, தங்கும் விடுதியிலும் இடமில்லை, திரையரங்கிலும் இடமில்லை. அவர் வரவில்லையெனில் தாமும் வரப்போவதில்லை எனக் கேபிள் சினந்ததாகவும், ஹாட்டியே அவரை அமைதிப்படுத்தி அனுப்பியதாகவும் கூறுவர். திரையில் அவர் உருவத்தைக் கண்டு கைதட்டிய அதே மக்கள், பக்கத்து இருக்கையில் அவரை அமரவிட ஒப்பவில்லை. திரையிடலுக்கு முன்னாள் நடந்த வெள்ளையர் விருந்தில் அடிமைச் சிறுவர் வேடமிட்டுப் பாடிய தேவாலயக் குழுவில் 10 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவனே பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மார்ட்டின் லூதர் கிங்.

இதைப் படிக்கையில் நம் அண்டை மாநிலத்தின் ரோசியை நினையாதிருக்க இயலவில்லை. மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமார'னில் ஜே. சி. டேனியல் அவரை நாயகியாக நடிக்கச் செய்தார். புலையர் குலத்துப் பெண் நாயர் பெண்ணாக வேடமிட்டாள் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் வெகுண்டெழுந்தனர் ஆதிக்கச் சாதியினர். ரோசி ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. தமிழகம் வந்து, இராஜம்மாள் என்னும் பெயருடன், தாம் நடித்ததையே மறைத்து வாழ்ந்து மறைந்தார். அட்லாண்டாவும் திருவனந்தபுரமும் எத்துணைத் தொலைவில் உள்ளன! ஆனால் நோய் ஒன்றே.

1940 ஆம் ஆண்டு பிப்ரவரி 29 ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசின் அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடந்தது. கறுப்பினத்தார் உள்ளே வரலாகாது என்பது அந்த ஓட்டலின் விதி. தயாரிப்பாளர் தனியே வேண்டுகோள் விடுத்த பின்னரே ஹாட்டி உள்ளே விடப்பட்டார். படக்குழுவினர் ஒரு மேசையில் அமர்ந்திருக்க, ஹாட்டிக்கும் உடன் வந்தோருக்கும் சுவரோரமாகத் தனி மேசை இடப்பட்டிருந்தது. துணை நடிகைக்கான பரிசு அறிவிக்கப்பட்டது. ஹாட்டி வென்றார். ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவரே. அதை வென்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. கூந்தலில் வெண்மலர் சூடி அவர் மேடையேறினார். தம் இனத்துக்கும் திரைத்தொழிலுக்கும் என்றும் பெருமை சேர்ப்பவராய் விளங்க விழைவதாகக் கூறி, மேலும் பேச இயலாது கண்ணீருடன் இறங்கினார். இறங்கிச் சென்று அமர்ந்த இடம் அதே ஓரத்து மேசைதான். அதன்பின் மற்றொரு கறுப்பினப் பெண், வூபி கோல்ட்பர்க், அப்பரிசைப் பெற 1991 வரை, அதாவது 51 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வசையும் விடையும்

பரிசு பெற்றதால் வேடம் மாறவில்லை. மீண்டும் மீண்டும் பணிப்பெண் வேடமே வந்தது. மற்றொரு புறம், தம் மக்களிடமிருந்தே வசை வந்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட், 1942 ஆம் ஆண்டில் திரைப்பட முதலாளிகளைச் சந்தித்து, கறுப்பினத்தாரை மருத்துவராக, ஆசிரியராக, வழக்குரைஞராகக் காட்டுமாறு வாதாடினார். பணிப்பெண் வேடம் பூண்டு இனத்தின் மானத்தை விற்பவர் என்ற பழி ஹாட்டிமீது விழுந்தது. பணிப்பெண்ணாக உழைத்தால் வாரத்துக்கு 7 டாலர், பணிப்பெண்ணாக நடித்தால் 700 டாலர் என்னும் பொருள்பட அவர் விடையிறுத்ததாக இன்றளவும் வழங்கி வருகின்றது. உண்மையில் துணி வெளுத்துப் பழகிய கைகளை உடையவர் ஆதலின், அவ்விடையில் கேலியினும் வலியே மிகுதி.

இவ்விருவருள் யார் பக்கம் நியாயம்? நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் அரச நாடகம் ஒன்று நடந்தது. நம் தெருப் பையன்களுக்கு வாயிற்காவலர், பல்லக்குத் தூக்குவோர் வேடங்களே தரப்பட்டன. குரல்வளம் மிக்க மாணவன் ஒருவனும் ஈட்டி பிடித்து வாய்திறவாது நின்றான். நான் இளையவன், வாய்திறக்கவில்லை. அவன் தந்தையோ, மேடையில் நிற்கவாவது விட்டார்களே என மகிழ்ந்தார். அவன் அண்ணன் நடிக்க வேண்டாமென்று தம்பியைத் தடுத்துப் பார்த்தான். இருவர் மனமும் எனக்குப் புரிந்தது. இன்று எண்ணிப் பார்க்கையில், குற்றம் தந்தையிடமும் இல்லை, அண்ணனிடமும் இல்லை. வேடம் பங்கிட்டவரிடமும், பார்த்துக்கொண்டு வாளாவிருந்த என்னிடமுமே இருந்தது எனத் தெளிகின்றேன்.

வால்டர் ஒயிட் கேட்டது நேரிது. அவ்வாறு கேட்போர் இன்றேல் வேடங்கள் என்றும் மாறியிரா. ஆனால் அந்தப் பழியைச் சுமத்த வேண்டிய தோள் ஹாட்டியின் தோளன்று. கதை எழுதியவர் அவரல்லர். பணம் போட்டவர் அவரல்லர். 1942 இல் வெளிவந்த 'இன் திஸ் அவர் லைஃப்' படத்தில் அவருக்கு மாறுபட்ட வாய்ப்பொன்று கிடைத்தது. வழக்குரைஞராவதற்குப் பயிலும் கறுப்பின இளைஞன்மீது, வெள்ளைப் பெண் ஒருத்தி தான் ஓட்டிய காரால் விளைந்த சாவைச் சுமத்துகின்றாள். அவ்விளைஞனின் தாயாக ஹாட்டி நடித்தார். தன் மகன் சொல்லைக் காவலர் எவரும் கேளார் என்று அடங்கிய குரலில் அத்தாய் துயருறும் காட்சியில், நகைச்சுவைக்கென்றே பயன்படுத்தப்பட்ட இவரிடம் எத்துணை ஆழம் இருந்தது என்பது வெளிப்பட்டது. அத்தகைய வேடங்கள் பின்னும் தொடர்ந்து கிடைத்திருந்தால்! கிடைக்கவில்லை.

வீட்டு வழக்கு

திரையில் பணிப்பெண்ணாக வந்தவர் வாழ்வில் எத்தகையவர் என்பதை இவ்வழக்கு காட்டும். லாஸ் ஏஞ்சலிசில் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்னும் பகுதியில் பெருவீடுகள் இருந்தன. அங்கு ஹாட்டி 17 அறைகள் கொண்ட வீடொன்றை வாங்கிக் குடியேறினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் முதலியோரும், காப்பீட்டுத் தொழிலில் சிறந்த நார்மன் ஹூஸ்டனும் அங்கு வாழ்ந்தனர். கறுப்பினத்தார்க்கு இவ்விடத்தை விற்கலாகாது என நிலப் பத்திரங்களிலேயே எழுதி வைக்கும் வழக்கம் அமெரிக்க நகரங்களில் பரவியிருந்தது. அப்பத்திரங்களைக் காட்டி, வெள்ளையர் சிலர் இவர்களை வெளியேற்றுமாறு வழக்குத் தொடுத்தனர். நம் நாட்டில் அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் நமக்கு மனை கிடைக்காத வழக்கத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஹாட்டி அஞ்சி ஒதுங்கவில்லை. அண்டை வீட்டாரைத் தம் இல்லத்தில் கூட்டினார்; ஒற்றுமைப்படுத்தினார்; வழக்கை எதிர்த்து நிற்கச் செய்தார். அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகனான லோரன் மில்லர் என்னும் கறுப்பின வழக்குரைஞர் வாதாடினார். நீதிபதி தர்மண்டு கிளார்க் அப்பகுதியை நேரில் சென்று பார்த்தார். 1945 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 14 ஆம் திருத்தம் எல்லாக் குடிமக்களுக்கும் சமப் பாதுகாப்பு அளிக்கின்றது; அதனை இத்தனை காலம் தட்டிக் கழித்தது போதும் என்னும் கருத்துப்பட நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1948 இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே, இத்தகைய பத்திர விதிகளை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளில் வாதாடியோருள்ளும் லோரன் மில்லர் ஒருவர்.

இளைஞர்களே, இங்குச் சற்று நின்று சிந்தியுங்கள். ஹாட்டியின் கலைத்திறன் அவரை விழா மண்டபத்தின் ஓரத்து மேசை வரை கொண்டு சென்றது. அவர் வீட்டின் கதவைக் காத்தது ஒருவன் கற்ற சட்டக் கல்வி. இக்கழகம் ஏன் தோன்றியது என்று எவரேனும் வினவின், இதனையே விடையாகக் கூறலாம்.

வானொலியும் இறுதி நாள்களும்

1947 நவம்பரில் ஹாட்டி 'பியூலா' என்னும் வானொலித் தொடரின் நாயகியானார். முன்னர் அப்பணிப்பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் வெள்ளை ஆண்மகன் ஒருவர் என்பது வியப்புக்குரியது. அமெரிக்க வானொலித் தொடர் ஒன்றின் நாயகியாக விளங்கிய முதல் கறுப்பினப் பெண் ஹாட்டியே. இம்முறை அவர் நிபந்தனை விதித்தார். கறுப்பினத்தாரின் பேச்சென்று பிறர் கற்பித்த கொச்சை மொழியைப் பேசமாட்டேன் என்றார்; பிடிக்காத வசனத்தை மாற்றும் உரிமையையும் கேட்டுப் பெற்றார். வாரம் 1000 டாலர் ஊதியத்தில் தொடங்கிய அத்தொடர் நாடு முழுவதும் கேட்கப்பட்டது. 1951 இல் அதன் தொலைக்காட்சி வடிவிலும் நடிக்கத் தொடங்கினார். சில பகுதிகள் முடிவதற்குள் நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது.

மார்பகப் புற்றுநோயால் 1952 அக்டோபர் 26 ஆம் நாள், திரைத்தொழிலாளர்க்கான விடுதி மருத்துவமனையில் தம் 59 ஆம் வயதில் அவர் மறைந்தார். நான்கு முறை மணம் புரிந்தும் அவருக்கு மக்கட்பேறு இல்லை. தம் உடலுக்கு வெண்ணிற ஆடை உடுத்தி, கூந்தலில் வெண்மலர் சூட்டி, ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டுமென உயிலில் எழுதியிருந்தார். திரையுலகப் பெருமக்கள் பலர் உறங்கும் இடம் அது. தோட்டத்தார் மறுத்துவிட்டனர். அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாம்! இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். எனினும் அவ்வுடல் வேறொரு கல்லறையில், ரோஸ்டேல் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது.

ஊர்ச் சுடுகாடு வேறு, சேரிச் சுடுகாடு வேறு என்னும் நாட்டில் வாழும் நாம், பாதை மறிக்கப்பட்டுப் பிணத்துடன் வயல்வரப்பில் நின்ற அனுபவமுடைய நாம், இவ்விடத்தில் கண் கலங்காது மேற்செல்லல் அரிது. பிறக்கும்போது தொடங்கும் வேலி இறந்த பின்னும் தொடர்வதை அவ்வம்மையாரும் கண்டார், நாமும் கண்டோம்.

மறைவுக்குப் பின்

தாம் பெற்ற ஆஸ்கார் பரிசை ஹாட்டி எவருக்கு விட்டுச் சென்றார்? உறவினர்க்கன்று. 1867 இல் தோன்றிக் கறுப்பின மாணவர்க்குக் கல்வி புகட்டி வரும் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். படிப்பை இடையில் நிறுத்திய அம்மையார் தம் வாழ்வின் உயர்ந்த பரிசை ஒரு கல்விக்கூடத்துக்கு அளித்தார் என்பது என் நெஞ்சைத் தொட்ட செய்தி. அப்பரிசு பின்னர்க் காணாமற்போயிற்று. நெடுங்காலம் தேடியும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 1 ஆம் நாள், பரிசளிக்கும் கலைக் கழகம் அதற்கு ஈடாகப் புதியதொன்றை உருவாக்கி அப்பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தது.

1999 ஆம் ஆண்டு, மறுத்த அந்த ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தின் புதிய உரிமையாளர் அவர் உடலை அங்கு மாற்ற முன்வந்தார். குடும்பத்தார் அதை விரும்பவில்லை. அதனால் அவர் நினைவாகக் கல்மேடை மட்டும் அங்கு எழுப்பப்பட்டது. 2006 இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் உயிரோடிருந்தபோது ஒரு நாற்காலியை மறுத்துவிட்டு, இறந்து 47 ஆண்டுகள் கழிந்த பின் ஒரு கல்லை நாட்டுவது காலங்கடந்த நீதி என்பதையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

நாம் கொள்ளத்தக்கன

ஹாட்டி மெக்டேனியல் குறைகளே இல்லாத தெய்வமல்லர். அவர் நடித்த சில படங்கள் அவர் மக்களைப் பற்றிய பொய்யை உலகுக்குப் பரப்பின; அவர் நடிப்பின் இனிமையே அப்பொய்யை மேலும் இனிக்கச் செய்தது. இதனை அறிந்தே நாம் அவரைப் போற்றுகின்றோம். தமக்கு அதிகாரம் இல்லாத இடத்தில் அவர் பொறுத்தார். தம் வீடு, தம் ஒப்பந்தம், தம் உயில் என அதிகாரம் கைக்கு வந்த ஒவ்வோர் இடத்திலும் அதனைத் தம் மக்கள் பக்கமே திருப்பினார்.

நம் இளைஞர்கள் இன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கலைத்துறையிலும் நுழைகின்றனர். சிலருக்கு இன்னும் ஓரத்து மேசையே இடப்படுகின்றது. அங்கு அமர்ந்தமைக்காக எவரையும் நாம் இகழ வேண்டா. அமர்ந்தவரும், அம்மேசை சுவரோரம் கிடக்கின்றது என்பதை மறந்துவிட வேண்டா. கதை எழுதுவோராகவும், வேடம் பங்கிடுவோராகவும், சட்டம் கற்று வாதாடுவோராகவும் நம் பிள்ளைகள் வளரட்டும். ஈட்டி பிடித்து ஊமையாய் நின்ற அந்த மாணவனின் பேத்தி ஒருநாள் நாடகத்தையே எழுதுவாள் என்னும் நம்பிக்கையுடன், இக்கழகம் பொன்விழாவும் காண வாழ்த்தி அமைகின்றேன்.